ஒன்பது மில்லிமீட்டர்

ஆஸ்லோவிலிருந்து வந்த கட்டுரை சொல்கிறது:
மழைக்கோட்டின் சிவப்பு அந்தப் பெண்ணைவிட்டு விலகி நிற்கிறது,
நகரம் தன் மனிதர்களைக் கைவிடுவதன் குறியீடு அது.
சரி.
நகரம் பெர்கன்.
கைவிட்டது ஒரு திருகு.

அச்சு இயந்திரத்தின் இடப்பக்கம்
தாளின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் தகட்டில்
அரைச் சுற்று தளர்ந்திருந்த திருகு.
ஆர்வித் ஹாட்லஸ்தாத் அதை முறுக்கவில்லை.
பல்வலி.
கம்பளித் துணியால் தாடையைக் கட்டிக்கொண்டு
மை டப்பாக்களின் நடுவே கண்மூடி உட்கார்ந்திருந்தார்.
வெளியே வந்த தாள்களை அடுக்கியவள் நான், சோல்பியோர்க்,
வேலைக்குச் சேர்ந்து பதினோரு வாரம்.

ஏழு அங்குல இசைத்தட்டுக்கு உறை, ஆயிரம் பிரதி.
பையன்கள் கொண்டுவந்த பணத்துக்கு
இரண்டு நிறம்தான் கட்டுப்படியானது:
கறுப்பு, அப்புறம் எது மலிவோ அது.
பால்பண்ணைப் பெட்டிக்குக் கலந்த சிவப்பு
முக்கால் டப்பா மிச்சமிருந்தது.
‘துணிச்சலான தேர்வு’ என்று கட்டுரை சொல்வது இதைத்தான்.

படம்: மழை, படகுத்துறை,
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பெண்.
பின்னால் மங்கலாய்த் தெரியும் முக்கோணம்
மலை இல்லை.
மீன்பெட்டிகளின் மேல் போர்த்திய தார்ப்பாய்.
பாட்டின் பெயர் கீழே வலது மூலையில்,
வாடகை ரசீது அடிக்கும் தட்டச்சில்:
‘என் கோட்டைத் திருப்பிக் கொடு.’
பின்னட்டையில் நாலு பெயர், ஒரு தொலைபேசி எண்.
டிரம்ஸ் வாசித்தவனின் அம்மா வீட்டு எண் அது.
குடித்துவிட்டு யார் யாரோ கூப்பிட்டார்களாம்,
அந்த அம்மாள் எல்லாரிடமும் பேசினாளாம்.

முதல் நாள் கறுப்பு. இரவெல்லாம் காய்ந்தது.
மறுநாள் சிவப்பு ஏறியது.
முதல் தாளில் கோடு பிசகாத கோட்டு.
ஐம்பதாவதில் இடத்தோளில் மயிரிழை வெள்ளை.
இருநூறில் பொத்தான்கள் குளிரில் நின்றன.
எனக்குத் தெரிந்தது.
வாயைத் திறந்தால் போதும், இயந்திரம் நின்றிருக்கும்.

ஐநூறில் சிவப்பு அவள் முழங்கையைத் தாண்டி
மழைக்குள் ஒரு கால் வைத்தது.
எழுநூறில் அவள் வெறும் கறுப்புக் கோடுகள்,
பக்கத்தில் அவள் உயரத்துக்கே ஒரு சிவப்பு,
உள்ளே ஆளில்லாமல்.
அது துறையின் விளிம்பை எட்டிவிட்டது.
படகில் ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்,
தாள் தீர்ந்துபோயிற்று.

“எப்போது கவனித்தாய்?” என்றார் ஆர்வித், துணிக்குள்ளிருந்து.
“இப்போதுதான்” என்றேன்.
அவருக்கு அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.

பாடுகிற எல்ட்ரிட் மேலே ஒன்று, அடியில் ஒன்று உருவிப் பார்த்தாள்.
விலை குறையுமா என்று மட்டும் கேட்டாள்.
குறைந்தது.
அன்றிரவே யார் வீட்டு நிலவறையிலோ
மடித்து ஒட்டியதில் வரிசை கலைந்துவிட்டது.
ஆயிரத்தையும் அடுக்கிக் கட்டைவிரலால் விசிறினால்
ஒரு கோட்டு தன் பெண்ணைக் கழற்றிப் போட்டுவிட்டுப்
போவதைப் பார்க்கலாம்.
பார்த்தவள் நான் ஒருத்தி.
நானூற்றுச் சொச்சம் விற்றது. மிச்சம் ஒரு கொட்டகையில் நனைந்தது.
இந்த ஊரில் ஒரு வீட்டில் தோள், இன்னொரு வீட்டில் பொத்தான்,
யார் அலமாரியிலோ அந்த விளிம்பு.

இப்போது மறுபதிப்பு வந்திருக்கிறது.
கெட்டி அட்டை, பளபளப்பு, பொன்னெழுத்தில் வரிசை எண்.
யாரோ சேகரிப்பாளரின் பிரதியை அளந்திருக்கிறார்கள்:
எல்லா உறையிலும் அதே ஒன்பது மில்லிமீட்டர்,
ஒரு இழை கூடாமல் குறையாமல் கைவிடப்பட்ட நகரம்.

படத்தில் நின்ற மாக்ன்ஹில்டைப் போன வாரம்
பேருந்தில் பார்த்தேன்.
மீன் ஏலக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள்.
கட்டுரையை அவளும் படித்திருந்தாள்.
ஜன்னலில் வழியும் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்,
“என் கோட்டு மஞ்சள்.”

ஆஸ்லோவுக்கு ஒரு கடிதம் எழுதலாம்.
திருகு, பல், பால்பண்ணை, மஞ்சள்.
வாயைத் திறந்தால் போதும்.